தனியாளாக ஒரு நினைவஞ்சலி, தனியாளாக ஒரு போராட்டம்: கேள்வி பதில்

அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறையான ஐஸின் காவலில் இறந்தவர்களுக்காகப் பொது இடத்தில் ஒற்றை ஆளாக நின்று அஞ்சலியும் எதிர்ப்பும் தெரிவிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை, அட்டை பிடித்து நிற்பவள். உங்கள் ஊர் விதியை ஊராட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: அக்கா, ஒரே ஆள் நிற்பதற்கும் பெர்மிட் வேண்டுமா?

கையில் அட்டையோடு நடைபாதையில் நிற்க, பெரும்பாலான ஊர்களில் வேண்டாம். வீதியும் பூங்காவும் மக்கள் கூடிப் பேசுவதற்கென்றே காலங்காலமாக இருப்பவை என்று 1939லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நீதிமன்றத்தின் வாசல் நடைபாதையிலேயே ஒரு பெண் அட்டை பிடித்து நின்றார். அதில் இருந்தது பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் முதல் சட்டத் திருத்தத்தின் வாசகம், அவ்வளவுதான். போலீஸ் விரட்டியது. 1983இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தேசியப் பூங்காக்களில் குறித்துவைத்த இடங்களில் 25 பேர் வரை பெர்மிட் இல்லாமல் நிற்கலாம். ஆனால் கையில் பிடிக்கும் அட்டையோடு சரி. மேடை, கூடாரம், எந்தக் கட்டுமானமும் கூடாது.

கே: சிலுவைகள், காலணிகள், மெழுகுவத்தி எல்லாம் வரிசையாக வைக்கலாம் என்று நினைத்தேனே?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் ஆளுக்குத் தரும் பாதுகாப்பைப் பொருளுக்கு அதே அளவில் தருவதில்லை. கையில் இருக்கும்வரை அது பேச்சு. தரையில் வைத்துவிட்டு காபி வாங்கப் போனால், நகராட்சிக்கு அது கேட்பாரற்ற சாமான். மின்கம்பத்தில் அட்டை கட்டுவதை ஊர் தடைசெய்யலாம் என்று 1984இல் தீர்ப்பே இருக்கிறது. மரத்திலும் வேண்டாம்.

ஆகவே, ஒரே ஆள் ஒரே நடையில் தூக்கக்கூடியதை மட்டும் செய்யுங்கள். எனக்குப் பிடித்தது துணிதான். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காகத் துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்த எய்ட்ஸ் நினைவுப் போர்வையின் ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. அந்த அளவில் ஒரு துணியைத் தோளிலிருந்து தொங்கவிட்டாலே போதும், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். காலணிதான் வேண்டும் என்றால் ஒரு ஜோடி போதும், காலடியிலேயே இருக்கட்டும். நடைபாதையில் நாலடி அகலமாவது சக்கர நாற்காலிக்கு விடுங்கள். வழிமறித்ததாக உங்கள் மேல் புகார் வர இடமிருக்காது. மெழுகுவத்தி காற்றுக்கு நிற்காது, பல பூங்காக்களில் நெருப்புக்கும் தடை. பேட்டரி விளக்கு வாங்குங்கள்.

கே: பெயர்களை எங்கிருந்து எடுப்பது? ஆளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்கிறார்களே.

ஐஸின் சொந்த அறிக்கைகளிலிருந்து எடுங்கள். காவலில் ஒருவர் இறந்தால் 90 நாளுக்குள் அறிக்கையை வெளியிட வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுக்கான நிதி ஒதுக்கீட்டோடு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கட்டளையிட்டது. பெயர், வயது, நாடு, இறந்த நாள், எந்த மையம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எதிர்ப்பைச் சொல்ல அரசின் தாளையே காட்டுவதில் ஒரு வசதி: "இது பொய்" என்று வருபவரிடம் அச்சிட்ட பிரதியை நீட்டலாம்.

எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் உண்டு. அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. செய்தித்தாள் ஜனவரியிலிருந்து எண்ணுகிறது. எல்லைக் காவல் படையின் பிடியில் இறந்தவர்கள் ஐஸ் கணக்கில் வருவதில்லை. அதனால் அட்டையில் மொத்த எண்ணைப் போடவே வேண்டாம் என்பது என் கட்சி. பெயரைப் போடுங்கள்.

பெயரில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. ஸ்பானியப் பெயர்களில் அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு குடும்பப் பெயர் வரும்; நீளமாக இருக்கிறதே என்று ஒன்றை வெட்டாதீர்கள். விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று போட்டு முதல் பெயரே தொலைந்துபோன நம் ஆட்களுக்கு இதன் வலி தெரியும்.

அடையாளம் தெரியாதவர்களை எப்படிக் காட்டுவது என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மானுடவியலாளர் ஜேசன் டி லியோனின் குழு, அரிசோனா பாலைவனத்தில் இறந்த 3,200க்கும் மேற்பட்டவர்களுக்குப் பிணவறைச் சீட்டுகளைக் கையால் எழுதி வரைபடத்தில் தொங்கவிட்டது. அடையாளம் தெரிந்தவருக்கு வெளிர் பழுப்புச் சீட்டு, தெரியாதவருக்கு ஆரஞ்சு.

கே: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பத்தடித் தூரத்துக்கு ஓரங்குல உயரம் என்று கணக்கு. காரில் போகிறவர் படிக்க வேண்டுமானால் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

கே: நான் ஹெச்-1பி. மனைவிக்கு கிரீன் கார்டு. நாங்கள் நிற்கலாமா?

உரிமை உண்டு. சட்டப்படி இங்கே இருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்குள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று 2025 செப்டம்பரில் பாஸ்டன் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் யங் தீர்ப்பளித்தார். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், பாலஸ்தீனம் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் கட்டுரை எழுதியவர்களில் ஒருவரான மாணவியைத் தெருவில் வைத்துப் பிடித்து, லூசியானாவில் வாரக்கணக்கில் அடைத்ததும் நடந்தது. நீதிமன்றம் பிறகு விடுவிக்கும். அதுவரை உள்ளே இருப்பது நீங்கள். குழந்தையும் வீட்டுக் கடனும் இருக்கிற ஒருவரை "போய் நில்லுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் குடிவரவு வக்கீலைக் கேளுங்கள். துணி தைப்பதும் அறிக்கைகளைப் படித்துப் பெயர் சரிபார்ப்பதும் வீட்டுக்குள் செய்கிற வேலைதான், அதற்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. மனைவி நின்றால் கிரீன் கார்டு அசல் கையில் இருக்கட்டும். 18 வயதுக்கு மேற்பட்டவர் அதை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கே: ஐஸ் அலுவலக வாசலிலேயே நின்றால்?

பொது நடைபாதை எங்கே முடிகிறது, கூட்டாட்சி அரசின் நிலம் எங்கே தொடங்குகிறது என்று முந்தின நாளே போய்ப் பாருங்கள். கோட்டுக்கு உள்ளே வேறு விதிகள், பெர்மிட்டும் வேண்டும். வண்டி வரும் வாயிலில் நிற்காதீர்கள். அதிகாரியைத் தொடவோ குறுக்கே போகவோ வேண்டாம். பணியைத் தடுத்ததாகக் கூட்டாட்சிக் குற்றச்சாட்டு போடுவார்கள்.

கே: சொந்த வீட்டு வாசலில் வைத்தால் யார் கேட்பார்கள்?

நகராட்சி சுலபத்தில் கேட்க முடியாது. வீட்டு அட்டைகளை ஊர் ஒட்டுமொத்தமாகத் தடைசெய்ய முடியாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்கப் போவது உங்கள் ஹெச்ஓஏ, அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம். அது தனியார் சங்கம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டும். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், படித்துப் பாருங்கள்.

கே: போலீஸ் "கிளம்பு" என்றால்?

"எந்த விதிப்படி, எங்கே நின்றால் சரி?" என்று பணிவாகக் கேளுங்கள். பத்தடி தள்ளச் சொன்னால் தள்ளி நின்றுவிடுங்கள். போலீஸ்காரரின் பெயரும் நேரமும் குறித்துக்கொண்டு, தகராற்றைப் பிறகு எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கே: வம்புக்கு வருகிறவர்களிடம் என்ன பேசுவது?

ஒன்றும் வேண்டாம். அறிக்கையின் பிரதி ஒன்று கொடுங்கள். கத்தினால் கத்தட்டும், அவர்களுக்கும் அதே நடைபாதைதான்.

கே: மழை வந்தால்?

ஸ்கெட்ச் பேனா கரையும், அக்ரிலிக் பெயின்ட் கரையாது. துணியில் எழுதி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிரதிகளை ஜிப் கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.