இஞ்செரா, காபி, சீட்டு: எத்தியோப்பியா பற்றி உங்கள் கேள்விகள்

"ஆப்பிரிக்காவில் என்ன சாப்பிடுவார்கள்?" என்றுதான் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அங்கே 54 நாடுகள் இருக்கின்றன. மொராக்கோ சமையலுக்கும் நைஜீரியச் சமையலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில். அதனால் அந்த ஊரை வைத்தே பதில் சொல்கிறேன்.

இஞ்செரா நம்ம தோசை மாதிரிதான் என்கிறார்களே அக்கா, நிஜமா? நம் வீட்டில் செய்ய முடியுமா? (ஈரோட்டிலிருந்து)

மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றுவது வரை தோசைதான். அதற்கு மேல் வழி பிரிந்துவிடுகிறது. உளுந்து கிடையாது, எண்ணெய் கிடையாது, திருப்பிப் போடுவதும் கிடையாது. மாவு டெஃப் என்ற தானியத்தில் அரைத்தது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்து போகிற அளவுக்குப் பொடி. வெள்ளை டெஃப் விலை கூட. சிவப்பு டெஃப் கொஞ்சம் மலிவு.

மாவைத் தண்ணீரில் கரைத்து, முந்தைய மாவின் மேல் தெளிந்த மஞ்சள் நீரைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். அதற்கு எர்ஷோ என்று பெயர். இரண்டு மூன்று நாள் புளிக்கும். அப்புறம் மேலே நிற்கிற நீரை இறுத்துவிட்டு, மாவில் கொஞ்சம் எடுத்துக் கூழாகக் காய்ச்சி, அதையே மறுபடி மாவில் கலப்பார்கள். இந்தக் கூழ் சேர்த்தால்தான் மேலே பொத்துப் பொத்தாகக் கண் திறக்கும். மிதாட் என்ற அகலமான மண் கல்லில் வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றி, கண் விழுந்ததும் மூடிவிடுவார்கள். ஆவியிலேயே வெந்துவிடும். நகரத்தில் இப்போது மின்சார மிதாட்தான் அதிகம். இரண்டு மூன்று நாளைக்கு ஆகிற மாதிரி ஒரே நாளில் சுட்டு அடுக்கிவைப்பார்கள். மண் கல்லும் கைப்பழக்கமும் சேர்ந்து வருகிற பண்டம் அது. அரைகுறையாகச் செய்து பார்த்து இஞ்செரா பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஊரில் டெஃப் கிடைக்காவிட்டால் கேழ்வரகு மாவை நன்றாகப் புளிக்கவைத்து, மெல்லிசாக ஊற்றி, மூடி வேகவிடுங்கள். புளிப்பு கிட்டத்தட்ட வரும், அந்தப் பஞ்சு மென்மை வராது. கேழ்வரகுக்கே பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். எத்தியோப்பியாவின் சில பகுதிகளில் அதிலும் இஞ்செரா சுடுகிறார்கள்.

ஒரே தட்டில் எல்லாரும் கை வைத்துச் சாப்பிடுவார்களாமே, எச்சில் பார்க்க மாட்டார்களாம்மா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியவர்)

ஐயா, அவர்களுக்கும் சுத்தம் உண்டு, விதம் வேறு. சாப்பிடும் முன் செம்பும் தாம்பாளமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரிய தட்டில் இஞ்செராவை விரித்து, அதன் மேல் குழம்புகளைக் குவியல் குவியலாக வைத்திருப்பார்கள். வலது கையால் இஞ்செராவைக் கிள்ளி, குழம்பை அதிலேயே அள்ளி வாயில் போட வேண்டும். விரல் நாக்கில் படக் கூடாது, விரலை நக்கக் கூடாது. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். எதிராளி பக்கம் எட்டிக் கை நீட்டினால் மரியாதைக் குறைவு.

இதற்கெல்லாம் மேலே குர்ஷா இருக்கிறது. வீட்டம்மா நல்ல துண்டாகப் பார்த்து உருட்டி, விருந்தாளி வாயில் தன் கையாலேயே ஊட்டிவிடுவார். நண்பர்களும் ஊட்டிக்கொள்வார்கள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் மனம் நொந்துபோவார்கள். ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார்கள், இரண்டாவது கட்டாயம் வரும். வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. வேற்றூர்க்காரியான எனக்குப் பெற்ற தாய் மாதிரி ஊட்டியவர்கள் அவர்கள்.

சுத்த சைவம் நான். வேலைக்காக அடிஸ் போகிறேன். பட்டினி கிடக்க வேண்டுமா மேடம்? (சென்னையிலிருந்து ஒரு பொறியாளர்)

கவலையே படாதீர்கள் தம்பி. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதன், வெள்ளி இரண்டும் விரத நாள். ஈஸ்டருக்கு அடுத்த 50 நாள் மட்டும் இதற்கு விலக்கு. ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெரிய விரதம் வரும். எல்லாம் கூட்டினால் சாதாரண பக்தருக்கே வருடத்தில் சுமார் 180 நாள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால், வெண்ணெய்கூடத் தொட மாட்டார்கள்.

உணவகத்தில் "த்சோம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், விரதச் சாப்பாடு வரும். "பயாய்னெட்டு" கேளுங்கள்: மிசிர் வொட் என்கிற மைசூர்ப் பருப்புக் காரக் குழம்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் இஞ்செரா மேல் வண்ண வண்ணமாக வரும். கொண்டைக்கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சுகிற ஷிரோ தினப்படிச் சாப்பாடு. நம் நாக்குக்கு முதல் நாளே பிடித்துவிடும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். "போசெனா ஷிரோ" என்றால் அதில் இறைச்சி இருக்கும். விரதமில்லாத நாட்களில் குழம்பில் மசாலா போட்டுக் காய்ச்சிய நெய் விழும். பால் பொருள் சாப்பிடாதவர் என்றால் எந்த நாளிலும் "த்சோம்" என்றே கேளுங்கள்.

பெர்பெரே மசாலாவில் என்னென்ன சேரும்? (மதுரையிலிருந்து)

காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், ஒருவகைத் துளசி, அப்புறம் கொரரிமா என்கிற எத்தியோப்பிய ஏலக்காய். வீட்டுக்கு வீடு அளவு மாறும். வொட் என்கிற குழம்பு வைக்கும்போது நிறைய வெங்காயத்தை எண்ணெய் இல்லாமலே வதக்கிக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் எண்ணெயும் பெர்பெரேயும் சேர்ப்பார்கள். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் குழம்பு திரளாது.

அவர்கள் வீட்டில் காபி குடிக்க ரெண்டு மணி நேரம் ஆகுமாமே? (திருச்சியிலிருந்து)

ஆகும். ஆக வேண்டும். அராபிக்கா காபியின் தாய்வீடே எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைக் கழுவி, நம் கண் முன்னாலேயே வாணலியில் வறுப்பார்கள். கொட்டை கறுத்துப் புகை எழும்போது வாணலியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவருவார்கள். கையால் புகையை முகத்துக்கு வீசி முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்புறம் உரலில் இடித்து, ஜெபெனா என்கிற நீண்ட கழுத்து மண் கூஜாவில் கொதிக்கவிட்டு, சினி என்ற பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளச் சோளப்பொரி அல்லது வறுத்த பார்லி.

சுற்று மூன்று: அபோல், தோனா, பெரெக்கா. அதே தூளில் தண்ணீர் சேர்த்துச் சேர்த்துக் காய்ச்சுவதால் மூன்றாவது சுற்று லேசாக இருக்கும். ஆனால் ஆசீர்வாதம் அதில்தான் என்பார்கள். இரண்டாவது சுற்றோடு எழுந்து போகாதீர்கள். தெருவில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யாருக்கு உதவி வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் பேசி முடிவாகும். அவசரக் காபிக்குக் கடைகள் இருக்கின்றன. இத்தாலியர் விட்டுப்போன மாக்கியாட்டோ அடிஸில் பிரமாதமாகக் கிடைக்கும்.

அங்கே வருஷமும் மணியும் வேறாமே, குழப்பமாக இல்லையா? (சேலத்திலிருந்து)

முதலில் குழப்பம்தான். வருடத்துக்கு 13 மாதம்: 30 நாள் கொண்ட மாதம் 12, கடைசி மாதத்துக்கு 5 அல்லது 6 நாள். புத்தாண்டு செப்டம்பர் 11, சில வருடம் 12. நம் ஆண்டைவிட ஏழெட்டு வருடம் பின்னால். அவர்கள் 2000-ஆம் ஆண்டைக் கொண்டாடியது 2007 செப்டம்பரில்.

மணியை விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. "மூன்று மணிக்கு வாருங்கள்" என்றால் காலை ஒன்பதாக இருக்கலாம். யார் கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விமான டிக்கெட்டில் மட்டும் நம் கணக்குதான்.

நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி அங்கே உண்டா அக்கா? (கரூரிலிருந்து)

உண்டு. எக்குப் என்று பெயர். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவருக்கு மொத்தப் பணம். ஏலம் எடுத்துத் தள்ளுபடி செய்வதில்லை.

என்னை அதிகம் நெகிழவைத்தது இதிர். அது சாவுக்கான சங்கம். மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டிவர வேண்டும். வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், நாற்காலி, பெரிய பாத்திரங்கள் எல்லாம் சங்கத்திலிருந்து வந்து இறங்கும். பெண்கள் முறை வைத்துச் சமைப்பார்கள், ஆண்கள் இரவில் துணைக்கு உட்கார்ந்திருப்பார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பணக்காரர், ஏழை என்ற கணக்கும் பெரும்பாலும் இல்லை. புதிதாகக் குடிபோகிறவர்கள் தெரு இதிரில் சேர்ந்துவிடுங்கள், அதற்குப் பிறகுதான் நீங்கள் அந்தத் தெருக்காரர்.

எத்தியோப்பியா என்றாலே பஞ்சம்தான் ஞாபகம் வருகிறது. சாப்பாடு பற்றிப் பேசுகிறீர்களே? (பாண்டிச்சேரியிலிருந்து)

1984-85 பஞ்சத்தின் படங்கள் உலகத்தின் மனதில் அப்படியே நின்றுவிட்டன. வடக்கில் வறட்சியும் உள்நாட்டுப் போரும் ராணுவ ஆட்சியின் முடிவுகளும் சேர்ந்து செய்த கொடுமை அது. இப்போதும் வறட்சியும் சண்டையும் வரும் இடங்களில் மக்கள் வாடுகிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு படத்தை வைத்து அவர்களின் வயலையும் சமையலையும் இல்லை என்று ஆக்கிவிடக் கூடாது. தெற்கே எஞ்செட் என்று ஒரு செடி, வாழையின் உறவு. பழம் தின்பதற்கல்ல. தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் மாதக்கணக்கில் புளிக்கவைத்து ரொட்டி சுடுவார்கள். மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கிற பயிர் அது.

பச்சை மாட்டிறைச்சி சாப்பிடுவார்கள் என்பது நிஜமா? (நாகர்கோவிலிலிருந்து)

நிஜம். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் விரும்பிச் சாப்பிடுவார்கள். புதிதாக வருபவர்களுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பூச்சித் தொற்றும் வரலாம். "சமைத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிறிஸ்தவர்களின் இறைச்சிக் கடையும் முஸ்லிம்களின் இறைச்சிக் கடையும் தனித்தனி. பன்றி இரு சாராருமே தொடுவதில்லை.

ஊரிலிருந்து என்ன எடுத்துப் போகட்டும்? (அதே பொறியாளர்)

மஞ்சள், வெந்தயம், பருப்பெல்லாம் மெர்க்காட்டோ சந்தையில் கிடைக்கும். புளி, பெருங்காயம், உளுந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் குக்கர் கட்டாயம். ஊர் 2,300 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதால் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் நன்றாகக் குளிரும், ஒரு ஸ்வெட்டரும் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி.