8 இன்ச் டெலஸ்கோப் இருந்தும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி ஏன் வெறும் பஞ்சு மாதிரி தெரியுது?

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, 8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கி மொட்டை மாடியில வச்சு ஆண்ட்ரோமெடாவ பாத்தா ஒரு பஞ்சுத் திட்டுதான் தெரியுது, போன் வச்சு போட்டோ எடுத்தா அதுவும் வரல, 12 இன்ச் வாங்கணுமா?"

வேணாம் தம்பி, காச வீணாக்காதீங்க. நீங்க பாத்தது ஆண்ட்ரோமெடாவேதான், ஆனா அதோட நடுப்பகுதி மட்டும். வானத்துல அது சுமார் 3 டிகிரி நீளம், ஆறு பௌர்ணமி நிலாவ வரிசையா வச்ச அளவு, உங்க 1200 எம்எம் போக்கல் லெங்த் ஸ்கோப்ல 25 எம்எம் ஐபீஸ் (கண்ண வச்சு பாக்கற லென்ஸ்) போட்டா தெரியறது 1 டிகிரிதான், சின்ன ஜன்னல் வழியா தேர பாத்தா சக்கரம் மட்டும் தெரியுமே அப்படி. மிச்சத்த ஊரு வெளிச்சம் முழுங்கிடுது, பெரிய ஸ்கோப் வாங்கினா அந்த வெளிச்சத்தையும் சேத்துதான் அள்ளும். காவலூர் வானியல் ஆய்வகத்த ஜவ்வாது மலைக்கு கொண்டுபோனதே இருட்டுக்காகத்தான்.

மழை ஓஞ்ச மார்கழி அமாவாசைக்கு ஊருக்கு வெளிய போங்க. நம்ம பஞ்சாங்கத்து பூரட்டாதி, உத்திரட்டாதி நாலு நட்சத்திரமும் சேந்து ஒரு பெரிய சதுரம், அதோட வடகிழக்கு மூலையில இருந்து ரெண்டாவது நட்சத்திரம் மிராக், அங்க துருவ நட்சத்திரம் பக்கமா திரும்பி ரெண்டு சின்ன நட்சத்திரம் போனா பக்கத்துலயே ஆண்ட்ரோமெடா இருக்கும். கண்ணு இருட்டுக்கு பழகணும், அதனால அரை மணி நேரம் போன தொடாதீங்க, நேரா பாக்காம கொஞ்சம் ஓரக்கண்ணால பாருங்க. கலர் தெரியாது, அத எதிர்பாக்காதீங்க. முழுசா பாக்க 10×50 பைனாகுலர்தான் என் சாய்ஸ்.

போட்டோவுக்கு ஸ்கோப்ப மறந்துடுங்க. உங்க டாப்சோனியன் வானத்தோட சேந்து சுத்தாது, 500ஐ போக்கல் லெங்தால (1200) வகுத்தா ஒரு படத்துக்கு 0.4 செகண்ட்தான், அதுக்கு மேல போனா நட்சத்திரம் கோடா இழுக்கும். 1888லயே வானியலாளர் ஐசக் ராபர்ட்ஸ் 20 இன்ச் ஸ்கோப்ல இதோட சுருள் வடிவத்த படம் பிடிச்சாரு, ஆனா அவரு ஸ்கோப் வானத்தோட கூடவே நகந்துச்சு. நீங்க ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், 135 எம்எம் லென்ஸ், டிரைபாட் போதும், ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, ரா (RAW) பைல்ல 2 செகண்ட் படமா 600 எடுங்க, மொத்தம் 20 நிமிஷ வெளிச்சம் சேந்துடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நடுவுக்கு கொண்டு வாங்க இல்லனா பிரேம விட்டு ஓடிடும். கடைசியா லென்ஸ் மூடிய போட்டு அதே செட்டிங்ல, கேமரா போடற பொய்ப் புள்ளிகள கழிக்க, ஒரு 20 இருட்டு படமும் எடுத்து வச்சுக்கோங்க (நான் முதல் தடவ இத மறந்துட்டு வீட்டுக்கு வந்து தலையில அடிச்சுக்கிட்டேன்), எல்லாத்தையும் படங்கள ஒண்ணா அடுக்கற டீப்ஸ்கைஸ்டேக்கர் சாப்ட்வேர்ல போடுங்க, ப்ரீ தான். போன் கேமராவ ஐபீஸ்ல வைக்கறது நிலாவுக்கும் சனிக்கும் ஓகே.