ஒரு பட்டன் ஒட்ட வயரிங்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வீட்டில் ஜிக்பீ ஹப் (ஸ்மார்ட் சாதனங்களை ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் இணைக்கும் பெட்டி) வைத்து எல்லா அறைக்கும் ஸ்மார்ட் பல்ப் போட்டிருக்கிறோம். அம்மாவுக்கு மொபைல் ஆப் பிடிபடவில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டும் வயர்லெஸ் பட்டன் வைக்க விரும்புகிறேன். சிஸ்டத்தைப் பொருத்தியவரோ, வயரிங், ஹப் இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்கிறார். உண்மையா?

பதில்: வயரிங்கைத் தொடவே வேண்டாம். இந்தப் பட்டன் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. அழுத்தியதும் ரேடியோவில் ஒரு சின்னச் செய்தி அனுப்புகிறது. ஹப் அதைக் கேட்டு பல்புக்குச் சொல்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சி.ஆர். 2032 போன்ற காசு பேட்டரி. சாதாரண உபயோகத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வரும்.

வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பட்டன்கள் வைஃபை, புளூடூத், ஜிக்பீ என்று பல வகையில் வருகின்றன. உங்களுக்குத் தேவை ஜிக்பீ. பேட்டரி வைஃபை பட்டன் தூங்கிக்கொண்டிருந்து, அழுத்திய பிறகே ரூட்டரைத் தேடும். விளக்கு எரியத் தாமதமானால் அம்மா மறுபடி அழுத்துவார், எரிந்தது அணைந்துவிடும். அதனால் எரிக்க ஒன்று, அணைக்க ஒன்று என இரண்டு பொத்தான் உள்ளதாக எடுங்கள். ஹப்பின் ஆதரவுப் பட்டியலில் மாடல் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கப் போகிறோம் என்று 2022இல் மேட்டர் என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தார்கள். இன்னமும் நாம் பட்டியல் பார்த்துத்தான் பட்டன் வாங்க வேண்டியிருக்கிறது!

முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். இணைத்த பிறகு, ரூட்டருக்கு வரும் இன்டர்நெட்டை மட்டும் நிறுத்திவிட்டு அழுத்துங்கள். விளக்கு எரிந்தால் வீட்டுக்குள்ளேயே வேலை நடக்கிறது. எரியாவிட்டால், உங்கள் அம்மாவின் விளக்கு எங்கோ இருக்கும் ஒரு சர்வரை நம்பியிருக்கிறது. ஹப்பை மாற்ற நியாயமான காரணம் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு இடத்தில் இந்த ஏற்பாடு சறுக்கும்: பழைய சுவர் சுவிட்ச். யாராவது பழக்கத்தில் அதை அணைத்துவிட்டால் பல்புக்கே மின்சாரம் இல்லை. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் எரியாது. அதோடு நிற்காது. பெரும்பாலான ஜிக்பீ பல்புகள் பக்கத்துச் சாதனங்களின் செய்தியையும் கடத்துகின்றன. ஒரு அறையில் சுவிட்சை அணைத்தால் அடுத்த அறைப் பட்டன் மக்கர் செய்யலாம். 'பட்டன் பழுது' என்று வரும் புகார்களில் இதை முதலில் பாருங்கள். அந்த சுவிட்ச் மேல் ஒரு மூடி போடுங்கள். மூடியின் மேலேயே பட்டனை ஒட்டினால் கை தானாக அங்கே போகும். மூடாமல் வேறு சுவரில் ஒட்டினால் வீட்டுக்கு வரும் விருந்தாளி முதல் நாளே அணைத்துவிடுவார்.

இப்போது அந்தப் பொருத்துநர். சாதாரண பட்டனுக்கு ஹப்பை மாற்றச் சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஹப்பின் கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது? தங்கள் பெயரிலேயே பதிந்துவைத்துக்கொண்டு, சின்ன மாற்றத்துக்கும் வீட்டுக்காரரை அழைக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுத்தவர் நீங்கள், சாவி அவரிடம். இது என்ன நியாயம்? கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மாற்றித் தர மறுத்தால், பெரும்பாலான ஹப்களில் ரீசெட் செய்து உங்கள் பெயரில் புதிதாகத் தொடங்கலாம். பல்புகளை ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க வேண்டிவரும், அரை நாள் வேலை. செய்துவிடுங்கள். பட்டனை அதற்கப்புறம் வாங்கலாம்.