பழைய பிலிம் கேமரா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பென்டாக்ஸ் கே1000 ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் கையில் எடுத்துப் பார்த்த பிறகு. 1976 முதல் 1997 வரை தயாரான இதன் ஷட்டர் முழுக்க இயந்திர விசையால் இயங்குவது. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டும்தான்.

பின்மூடியைத் திறந்து, ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் பொத்தானை அழுத்துங்கள். ஷட்டர் திரை பாதியில் நின்றாலோ தயங்கித் தயங்கி மூடினாலோ, உள்ளே எண்ணெய் இறுகியிருக்கக்கூடும். பழுதுபார்க்கும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்து, லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டடை போல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அத்தகைய லென்ஸை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

பின்மூடி ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை பிசுபிசுத்திருப்பது சகஜம், அதற்காகப் பின்வாங்காதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துப் புதியது ஒட்டலாம். ஷட்டர் திரையிலும் உள்ளிருக்கும் ஆடியிலும் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது.

இதில் ஒளிமானியை அணைக்கும் பொத்தான் கிடையாது. படமெடுத்ததும் லென்ஸ் மூடியைப் போட்டால் பேட்டரி நீடிக்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.