பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: நாட்டுக்கு நாடு பங்கேற்பு ஏன் மாறுகிறது? – வாசகர் கேள்விகள்

கேள்வி: நெதர்லாந்தில் அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் மலப் பரிசோதனையைச் செய்துகொள்கிறார்கள். பிரான்சில் மூன்றில் ஒருவர் அளவில்தான் செய்கிறார்கள். இரண்டும் வசதி படைத்த நாடுகளாயிற்றே?

பதில்: மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று சொல்லிவிடுவது எளிது, எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பரிசோதனைப் பெட்டி ஒருவரின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2014இல் தொடங்கிய நெதர்லாந்துத் திட்டத்தில், 55 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை பெட்டி அஞ்சலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது; மாதிரியை எடுத்து அஞ்சலிலேயே திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. பிரான்சிலோ நெடுங்காலம் பெட்டியைக் குடும்ப மருத்துவரிடம் சென்று வாங்க வேண்டியிருந்தது. உடலில் எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவர், அதற்கென்று மருத்துவரிடம் நேரம் கேட்டுப் போவதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போடத்தான் செய்வார். 2022 முதல் அங்கே மருந்துக் கடைகளிலும் பெட்டி கிடைக்கிறது.

ஆயினும் அஞ்சல் ஒன்றே முழு விடையன்று. 2006 முதல் பெட்டியை வீட்டுக்கு அனுப்பிவரும் ஆஸ்திரேலியாவில் பங்கேற்பு 40 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. தொடக்கத்தில் குறிப்பிட்ட சில வயதினருக்கு மட்டுமே பெட்டி சென்றது. 50 முதல் 74 வயதினர் அனைவருக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற நிலை 2020 அளவில்தான் முழுமையடைந்தது. ஒருமுறை செய்தவர் மறுமுறையும் செய்வதே பெரும்பான்மை என்பதால், முதல் அழைப்பைத் தவறவிட்டவர்களை மீட்பதுதான் எந்தத் திட்டத்துக்கும் கடினமான பகுதி.

கேள்வி: அமெரிக்காவிலும் 10 பேரில் 7 பேர் செய்துகொள்வதாகப் படித்தேன். அப்படியானால் அங்கும் இதே நிலைதானே?

பதில்: இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஐரோப்பியத் திட்டங்கள், அந்தச் சுற்றில் அழைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மாதிரியை அனுப்பினார்கள் என்று கணக்கிடுகின்றன. அமெரிக்காவில் பெரும்பாலும் கருத்தாய்வின் வழியே, ஏதேனும் ஒரு பரிசோதனையை உரிய காலத்துக்குள் செய்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அதில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் செய்த கொலனோஸ்கோப்பியும் (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) சேர்ந்துவிடும். 2021இல் அங்கே தொடக்க வயதை 50இலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். அந்த இளைய வயதினரையும் சேர்த்தால் சதவீதம் இறங்கிவிடுகிறது.

கேள்வி: கொலனோஸ்கோப்பியே துல்லியமானது என்றால், எல்லாரையும் நேரே அதற்கே அழைக்கலாமே?

பதில்: அழைக்கலாம், எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் கேள்வி. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்து 2022இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேரே கொலனோஸ்கோப்பி செய்துகொண்டார்கள். வராதவர்களையும் சேர்த்து அழைக்கப்பட்ட அனைவரையும் கணக்கில் கொண்டபோது, பத்தாண்டுகளில் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம்தான் குறைந்திருந்தது. பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வது, வேலைக்கு விடுப்பு எடுப்பது, உடன் ஒருவரை அழைத்துச் செல்வது ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஒருவரைத் தயங்க வைக்கின்றன. ஸ்பெயினில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் கொலனோஸ்கோப்பிக்கு இணங்கியவர்கள் 25 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மலப் பரிசோதனைக்கு 34 சதவீதம்.

கேள்வி: பரிசோதனை முறையை மாற்றினால் பங்கேற்பு கூடுமா?

பதில்: கூடும் என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல சான்று. பழைய முறையில் மூன்று வெவ்வேறு நாட்களில் மலம் எடுத்து அட்டையில் தடவ வேண்டும். 2017இல் ஒரே ஒரு மாதிரி போதும் என்ற ஃபிட் (FIT) எனப்படும் புதிய வகை மலப் பரிசோதனைக்கு மாறியதும் பங்கேற்பு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. 2019இல் மாறிய இங்கிலாந்திலும் அதுவே நிகழ்ந்தது. இருப்பினும் வறிய பகுதிகளுக்கும் வசதியான பகுதிகளுக்கும் இடையிலான இடைவெளி அங்கே இன்னும் மூடவில்லை.

கேள்வி: பெண்கள்தான் அதிகம் செய்கிறார்களாமே?

பதில்: மலப் பரிசோதனையில் பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். நோயோ ஆண்களிடம் அதிகம்.

கேள்வி: என் முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. உடல் நன்றாக இருப்பதால் இன்னொரு முறை அதே பரிசோதனையைச் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பாலிப்பிலிருந்து, அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டியிலிருந்து, எப்போதாவதுதான் இரத்தம் கசியும் என்பதால், இரண்டாம் முறை நெகட்டிவ் என்று வந்தாலும் முதல் முடிவு பொய்யாகிவிடாது. பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் அதை உறுதிசெய்ய கொலனோஸ்கோப்பி தேவை. நாடுகள் பெருமையோடு வெளியிடும் பங்கேற்புச் சதவீதங்களில் பாசிட்டிவ் என்று வந்தும் கொலனோஸ்கோப்பி செய்யாமல், மாதிரி அனுப்பியதோடு நின்றுவிட்டவர்களும் அடக்கம். அவர்களுக்கு அந்தப் பரிசோதனையால் பயன் ஏதுமில்லை. உங்கள் மருத்துவரிடம் கொலனோஸ்கோப்பிக்கான நாளை இந்த வாரமே குறித்துக்கொள்ளுங்கள்.