மூன்று மணிக்குத் தட்டப்படும் கதவு

கேள்வி: எட்டு மாதங்களாக எங்கள் வீட்டின்மேல் ஆவிக்குரிய தாக்குதல் நடக்கிறது. வேலையில் எனக்கு வரவேண்டிய உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது. மகளின் மனம் படிப்பில் நிற்பதில்லை. என் மனைவி தூக்கமில்லாமல் எப்போதும் சிடுசிடுக்கிறாள். குடும்ப ஜெபத்துக்கும் வருவதில்லை. இது என் தகப்பனார் வழியாக வந்த பரம்பரைச் சாபம் என்றும், மனைவிக்குள் யேசபேலின் ஆவி கிரியை செய்கிறது என்றும் எங்கள் ஜெபக்குழுவினர் சொல்லி, யுத்த ஜெபம் செய்யும்படி ஆலோசனை கொடுத்தார்கள். தினமும் அதிகாலை மூன்று மணி முதல் ஐந்து மணிவரை அறையைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கிறேன். 78 வயதான அப்பா எங்களோடுதான் இருக்கிறார். சரியாக நான் ஜெபிக்கும் நேரம் பார்த்து வந்து கதவைத் தட்டுகிறார். ஜெபத்தைக் குலைக்க எதிராளி செய்கிற வேலை அது என்று அறிந்திருப்பதால் நான் திறப்பதில்லை. இது எந்த ஆவி? இதைப் பெயர் சொல்லிக் கட்டி ஜெபிப்பது எப்படி? வீடு சுத்திகரிக்கப்படும்வரை அப்பாவை வேறோர் இடத்தில் வைப்பது நல்லதா?

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். அந்த நான்கு பக்கத்தில் பிசாசுக்கு மூன்றரைப் பக்கத்துக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். பெற்ற தகப்பனுக்கு மூன்று வரி. இதே குறையைச் சொல்லி எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம், எல்லாவற்றிலும் வீட்டில் ஒருவர்மேல் பழி விழுந்திருக்கும், பெரும்பாலும் அந்த ஒருவர் வயதானவராகவோ எதிர்த்துப் பேச முடியாதவராகவோ இருப்பார். ஆகவே உங்கள் வேலை உயர்வைப் பற்றியோ மகளின் படிப்பைப் பற்றியோ நான் இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப்போன அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கப்போகிறேன்.

அப்பா கதவைத் தட்டுகிறார், நீங்கள் திறப்பதில்லை. சரி, அவர் ஏன் தட்டுகிறார்?

நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அதற்குப் பதில் எங்கும் இல்லை. தட்டும்போது உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா, அழுகிறாரா, தண்ணீர் கேட்கிறாரா, கழிப்பறைக்கு வழி தெரியாமல் நிற்கிறாரா, இறந்துபோன உங்கள் அம்மாவைத் தேடுகிறாரா என்று ஒரு வார்த்தையும் இல்லை. எட்டு மாதம் என்றால் இருநூற்று நாற்பது இரவுகள். இத்தனை இரவுகளில் எதிராளி யார் என்று ஆராய்ந்த நீங்கள், கதவுக்கு மறுபுறம் நிற்கிறவரை "என்ன வேண்டும் அப்பா?" என்று ஒருமுறையாவது கேட்டதாக எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது எனக்குத் தெரிகிறது. நீங்கள் திறக்காத கதவிலிருந்து அப்பா திரும்பிப் போகிறாரே, அவரை யார் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள்? நனைந்த துணியை அந்த நேரத்தில் யார் மாற்றுகிறார்கள்? தூக்கமில்லாமல் சிடுசிடுக்கிறாள் என்று மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தூக்கமில்லாததற்குக் காரணம் அடுத்த அறையிலேயே கிடக்கும்போது, அதற்கு யேசபேலைத் தேடி இஸ்ரவேலின் ராஜாக்கள் காலம்வரை போயிருக்கிறீர்கள். யேசபேல் யாரென்று நினைவிருக்கிறதா? கர்த்தருடைய தீர்க்கதரிசிகளைக் கொன்றவள். ஆகாப் ராஜாவின் பெயரால் பொய் நிருபங்களை எழுதி, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லவைத்து, அவனுடைய திராட்சத்தோட்டத்தைப் பறித்துக் கொடுத்தவள். மாமனாரை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு, விடிந்தபின் குடும்ப ஜெபத்தில் உட்காரத் தெம்பில்லாமல் போன ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்ட உங்கள் குழுவினருக்கு நாக்கு எழுந்தது என்றால், அதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தது அதைவிடக் கொடுமை.

பிசாசு என்று ஒன்று இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று நான் சொல்ல வருவதாக நினைக்கவேண்டாம். நான் வேதத்தை விசுவாசிக்கிறவள். ஆவிக்குரிய யுத்தம் உண்டு என்பதிலும், அது கடுமையானது என்பதிலும் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் வீட்டிலும் அது நடக்கிறது. ஆனால் நீங்கள் முகம் திருப்பி நிற்கிற திசையில் நடக்கவில்லை.

உங்கள் குழுவினர் அடிக்கடி எடுத்துக்காட்டும் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல, துரைத்தனங்களோடும், அதிகாரங்களோடும்" என்று எபேசியர் 6:12 தொடங்குகிறது. துரைத்தனங்களையும் அந்தகார லோகாதிபதிகளையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், "அல்ல" என்ற சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். மாம்சமும் இரத்தமுமாய் உங்கள்முன் நிற்கிற எவரும் உங்கள் எதிரி அல்ல என்பதுதான் அந்த வசனம் முதலில் சொல்வது. அப்பாவுக்குள் எதிராளி, மனைவிக்குள் யேசபேல் என்று ஆட்களின்மேல் அடையாளம் ஒட்டுகிறவர், அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே அதை மீறுகிறார்.

அந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். அப்போஸ்தலனாகிய பவுல் சிறையில் கட்டப்பட்டவராக இருந்து எபேசு சபைக்கு எழுதிய அந்த நிருபத்துக்கு அதிகார எண்ணும் வசன எண்ணும் கிடையாது. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551ஆம் ஆண்டிலும் வந்தவை. சபையில் அது ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட கடிதம். கேட்டவர்களின் காதில் முதலில் விழுந்தது மனைவியை நேசிக்கவேண்டிய விதம், பிறகு "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கற்பனை, பிறகு பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்கும் முறை, வேலைக்காரரும் எஜமான்களும் நடந்துகொள்ளவேண்டிய முறை. அதற்கு அடுத்த மூச்சிலே சர்வாயுதவர்க்கம், அதாவது பிசாசை எதிர்த்து நிற்க அணியவேண்டிய தேவனுடைய ஆயுதங்கள், வருகிறது. பெற்றோரைக் கனம்பண்ணும் கற்பனைக்கும் பொல்லாத ஆவிகளின் சேனைகளுக்கும் நடுவே பத்தே வசனம்தான் இருக்கிறது. வீட்டைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுப் பவுல் வேறு விஷயத்துக்குத் தாவினார் என்று நான் நினைக்கவில்லை. போர்க்களம் எது என்று சொல்லிவிட்டுத்தான் ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஆவியின் பெயரைக் கேட்கிறீர்கள். எபேசு பட்டணம் மந்திரவாதத்துக்குப் பேர்போனது. அங்கே விசுவாசித்தவர்கள் கொண்டுவந்து சுட்டெரித்த மாயவித்தைப் புத்தகங்களின் விலை 50,000 வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. பெயர் சொல்லிக் கட்டுவது அந்த ஊராருக்குக் கைவந்த கலை. அப்படிப்பட்ட இடத்துக்கு எழுதும்போதும் பவுல் ஓர் ஆவியின் பெயரையும் எழுதவில்லை, கட்டும் முறையையும் கற்றுக்கொடுக்கவில்லை. "நில்லுங்கள்" என்றார், சத்தியத்தைக் கச்சையாகவும் நீதியை மார்க்கவசமாகவும் அணிந்துகொள்ளச் சொன்னார். அதே ஊரில் இயேசுவின் நாமத்தை ஒரு சூத்திரம்போல உச்சரித்துப் பார்த்த ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேர், "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு, காயப்பட்டு, நிருவாணிகளாய் அந்த வீட்டைவிட்டு ஓடினார்கள். உச்சரிப்புக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கவேண்டும், சகோதரரே.

பரம்பரைச் சாபத்துக்கு, பிதாக்களுடைய அக்கிரமத்தைத் தேவன் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கிறார் என்று சொல்லும் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் 5ஆம் வசனத்தைக் காட்டியிருப்பார்கள். அதிலிருந்து ஏழு வசனம் தள்ளிப் படித்தால் தகப்பனைக் கனம்பண்ணும் கற்பனை இருக்கிறது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18இல் கர்த்தரே சொல்கிறார். இதற்குமேல் அந்தச் சாபத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பிசாசு ஒரு வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறான் என்பதையும் எபேசியருக்கு எழுதிய அதே நிருபம் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறது. "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்ற கட்டளைக்கு முன்னும் பின்னும் இருப்பவை பொய், அஸ்தமித்த பிறகும் தணியாத எரிச்சல், திருட்டு, கெட்ட வார்த்தை, கசப்பு. ஆகாயத்திலிருந்து விழுகிற எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருப்பவர்களுக்கு நடுவே நடப்பவை. அப்பாவின்மேல் உங்களுக்குப் பழைய கசப்பு ஏதேனும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லவில்லை. இருக்குமானால், அவரைச் சாபத்தின் வாசல் என்று குழுவினர் சொன்னபோது உங்கள் மனம் அதை ஏன் அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு அங்கே விடை கிடைக்கும்.

ஜெபத்தைக் குலைக்க எதிராளி செய்கிற வேலை என்கிறீர்கள். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவன் கையில் என்ன இருந்தது? 91ஆம் சங்கீதம் இருந்தது, அதன் வசனத்தைச் சொல்லியே சோதித்தான். தேவ காரியத்தைக் காட்டியே தேவ கற்பனையை மீறவைப்பது அவனுடைய பழைய வித்தை. பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று போதித்தவர்களை, தேவ வசனத்தை அவமாக்குகிறவர்கள் என்று இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7இல் இருக்கிறது. உங்கள் அதிகாலை இரண்டு மணி நேரம் உங்கள் கொர்பான். அதைக் காட்டி அப்பாவை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

ஜெபத்தைப் பற்றி இயேசு சொன்ன உவமை ஒன்றிலும் நடுராத்திரியில் ஒரு கதவு வருகிறது. வெளியே ஒருவன் நின்று கேட்கிறான். உள்ளே இருக்கிறவன் தொந்தரவு செய்யாதே, "கதவு பூட்டியாயிற்று" என்கிறான். அதைத் தொடர்ந்துதான் "தட்டுங்கள், அப்பொழுது உங்களுக்குத் திறக்கப்படும்" என்ற வாக்குத்தத்தம் வருகிறது. எட்டு மாதங்களாக உங்கள் அறைக்குள் நீங்கள் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதே நேரத்தில் அறைக்கு வெளியே அவர் தட்டிக்கொண்டிருக்கிறார்.

என் தாயாரின் கடைசிக் காலத்தில், இரவில் என்னை எழுப்பி, வாசல் கதவைப் பூட்டினாயா என்று கேட்பார். பூட்டிவிட்டேன் என்று சொன்ன கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. ஓர் இரவு நான் பதில் சொல்லாமல் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன். சிறிது நேரம் கழித்து, சுவரைத் தடவித் தடவி அவரே வாசல்வரை நடந்துபோய்த் தாழ்ப்பாளை அசைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

அப்பாவை வேறோர் இடத்தில் வைக்கவேண்டாம். அவருக்கு முதலில் தேவை மருத்துவர். முதியவர்களுக்கு இரவில் திசை தெரியாமல் போவதற்கும், திடீரென்று குழப்பம் வருவதற்கும் சிறுநீர்த் தொற்றிலிருந்து ஞாபகமறதி நோய்வரை, ஒத்துக்கொள்ளாத மாத்திரைவரை பல காரணங்கள் இருக்கக்கூடும். இவற்றில் சில எளிதில் குணமாகும். அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எத்தனை முறை சிறுநீர் கழிக்கப் போகிறார், என்ன பேசுகிறார் என்று ஒரு வாரம் குறித்துவைத்து அந்தத் தாளோடு அழைத்துப் போங்கள். இது அவிசுவாசம் என்று குழுவில் யாராவது சொன்னால், மத்தேயு 4:24ஐ எடுத்து நீட்டுங்கள்; வியாதியஸ்தரையும் பிசாசு பிடித்தவர்களையும் சுவிசேஷகர் அங்கே தனித்தனியாகவே எழுதியிருக்கிறார். அந்தக் குழுவில் நீங்கள் தொடர்வது என் மனதுக்குச் சம்மதமில்லை. உங்கள் சபைப் போதகரிடம் முழுவதையும், கதவு திறக்காததையும் சேர்த்து, சொல்லுங்கள்.

மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். யேசபேல் என்ற பெயர் அவர் காதுவரை போயிருந்தால் அதற்கென்று தனியாகக் கேளுங்கள். "மனைவியானவள் பெலவீன பாண்டமாயிருக்கிறபடியினால்" என்று பேதுரு எழுதியதைப் பலரும் அரையும் குறையுமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் புருஷனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்றுதான் அந்த வசனம் முடிகிறது. உங்கள் ஜெபம் ஏன் ஏறவில்லை என்று எட்டு மாதமாக அலைந்தீர்களே, 1 பேதுரு 3:7.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை. மூன்று மணிக்கே எழுந்திருங்கள், அந்தப் பழக்கம் வீண்போகவேண்டாம். ஆனால் அறைக்குள் போகாமல் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஜெபியுங்கள். சின்ன வயதில் அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஏதாவதொரு சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் மறந்துபோனவர்களுக்கும் அது நினைவிருப்பதை நான் கண்டிருக்கிறேன். மனைவி அந்த நேரத்தில் தூங்கட்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு முழுவதும் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். எந்த ஆவி என்று எழுதவேண்டாம், அவர் எதற்காகத் தட்டினார் என்று எழுதுங்கள்.