சூரியன் வராத மாதங்கள்

கேள்வி: நார்வேயின் துரோம்சோ நகருக்குப் படிக்க வந்திருக்கிறேன். பிர்ச் மரங்களின் இலைகள் உதிர்ந்துவிட்டன. நாளுக்கு நாள் வெளிச்சம் குறையக் குறைய மனமும் சோர்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: இந்தச் சோர்வு உங்கள் பலவீனம் அன்று. காலை வெளிச்சமே நம் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது; உங்கள் ஊரிலோ நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. ஆயினும் நண்பகலையொட்டிச் சில மணி நேரம் வானம் நீலமாகவும் தெற்கே இளஞ்சிவப்பாகவும் ஒளிரும், பனித்தரை அதை வாங்கித் தெருவெங்கும் பரப்பும் என்பதால், அந்த நேரத்தில் எப்படியாவது வெளியே நடந்துவிடுங்கள். விழித்தவுடன் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) ஒளிவிளக்கின் முன் அரைமணி நேரம் அமர்வது பலருக்கு உதவுகிறது. கண்நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் தராத வைட்டமின் டி-க்காக அங்குள்ளவர்கள் பலர் தினமும் ஒரு தேக்கரண்டி மீன் ஈரல் எண்ணெய் குடிப்பார்கள், நீங்களும் பழகலாம். டிசம்பரில் அவர்கள் சன்னல்தோறும் காகித நட்சத்திரங்களை ஒளிரவிடுவார்கள். நம் கார்த்திகையும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. உங்கள் சன்னலிலும் ஓர் அகல் எரியட்டும். உறக்கமும் பசியும் இரு வாரங்களுக்கு மேல் கெட்டால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஜனவரி 21 வாக்கில் மலைக்கு மேலே சூரியன் தலைகாட்டும்போது, ஊரே ஜாம் வைத்த ‘சூரிய பன்’ வாங்கித் தின்னும். தோழிகளோடு நீங்களும் அந்த வரிசையில் நில்லுங்கள்.